அறையும் சேர்ந்து வாசிக்கிறது: சிறிய அறைக்கு ஸ்டுடியோ மானிட்டர் தேர்ந்தெடுப்பது எப்படி?

காரைக்குடியில் எங்கள் பூர்வீக வீட்டின் வளவை ஒட்டி, பத்தடி அகலமும் பன்னிரண்டடி நீளமும் கொண்ட ஓர் அறை இருக்கிறது. கீழே ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. சுவர்களில், சுண்ணாம்போடு முட்டை வெண்கருவைச் சேர்த்து இழைத்த பழைய பூச்சு. தடவிப் பார்த்தால் பீங்கானைத் தொட்டதுபோல விரல் வழுக்கும். மேல்தளமும் பன்னிரண்டடி உயரத்தில்தான் இருக்கிறது. பித்தளைப் பாத்திரங்கள் அடுக்கியிருந்த அந்த அறையைக் காலி செய்து, பாட்டுப் பதிவுக்கென்று எடுத்துக்கொண்டபோது, கையிலிருந்த பணத்தில் வாங்க முடிந்தவற்றுள் மிகப் பெரிய, எட்டு அங்குல வூஃபர் (தாழ்ந்த ஒலியைத் தரும் பெரிய கூம்பு) கொண்ட ஒரு ஜோடி ஸ்டுடியோ மானிட்டர்களை, அதாவது பதிவைச் சரிபார்த்துக் கேட்பதற்கான ஒலிபெருக்கிகளை, வாங்கி வந்தேன். பழனி பாதயாத்திரையில் பாடுவதற்காக உறவினர்கள் கேட்ட காவடிப் பாட்டு ஒன்றை அவற்றில் கேட்டுக் கேட்டு, குரலையும் கருவிகளையும் அளவு பார்த்துச் சேர்த்து மிக்ஸ் செய்தேன். அறையில் நிறைவாக ஒலித்த அந்தப் பாட்டைக் காரில் போட்டபோது பேஸ் என்னும் தாழ்ந்த ஒலி இருந்த இடமே தெரியவில்லை. குரலும் நாகஸ்வரமும் அந்தரத்தில் தொங்கின.

மானிட்டரில் எந்தப் பழுதும் இல்லை. நான் கேட்டுக்கொண்டிருந்தது மானிட்டரை மட்டுமல்ல என்பதே காரணம்.

ஒலி காற்றில் செல்லும் வேகம் வெப்பநிலையைப் பொறுத்து மாறும். 20 டிகிரி செல்சியஸில் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர். நம் ஊரில் அறைக்குள் 32 டிகிரி இருக்கும் நாளில் ஏறத்தாழ 350 மீட்டர். இந்த வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும். 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் மூன்றரை சென்டிமீட்டர். 1,000 ஹெர்ட்ஸுக்கு 35 சென்டிமீட்டர். 50 ஹெர்ட்ஸுக்கோ 7 மீட்டர். என் அறையின் நீளமே 3.66 மீட்டர்தான். தன்னைவிடச் சிறிய பெட்டிக்குள் அடைபட்ட இந்த நீண்ட அலை எதிரெதிர்ச் சுவர்களில் மோதித் திரும்பித் தன்மீதே படிகிறது. சுவர்களுக்கு இடையே உள்ள தூரம் அலைநீளத்தின் சரிபாதியாக அமைந்துவிட்டால், போகும் அலையும் வரும் அலையும் சேர்ந்து, நகராமல் ஒரே இடத்தில் துடிக்கும் நிலை அலை உருவாகிறது. பள்ளியில் கம்பியை மீட்டிக் கணு, எதிர்க்கணு என்று படித்தோமே, அதுவேதான். இங்கே கம்பிக்குப் பதில் அறைக் காற்று.

ஒலியின் வேகத்தைச் சுவர்களுக்கிடையே உள்ள தூரத்தின் இரு மடங்கால் வகுத்தால், அந்தத் திசைக்குரிய முதல் நிலை அலையின் அதிர்வெண் வரும். என் அறையின் பத்தடி அகலத்துக்கு அது 57 ஹெர்ட்ஸ். பன்னிரண்டடி நீளத்துக்கு 48 ஹெர்ட்ஸ். உயரமும் பன்னிரண்டடியாகவே இருப்பதால் அங்கேயும் 48. இரண்டு திசைகளும் ஒரே சுருதியில் முழங்குவதால் அந்த அதிர்வெண் மட்டும் மற்றவற்றைவிடத் தூக்கலாகிவிடுகிறது. ஒலியியலைப் பொறுத்தவரை, அளவுகள் சமமாகவோ ஒன்றுக்கொன்று இரட்டிப்பாகவோ அமைந்த அறையே தொல்லை தருவது. நம் வீடுகளைக் கட்டிய கொத்தனார்கள் வெயிலையும் காற்றோட்டத்தையும் மனத்தில் வைத்து உயரத்தை முடிவு செய்தார்கள். அது நல்ல முடிவு. பேஸை அவர்கள் எண்ணியிருக்கத் தேவையில்லை.

இதை நேரிலேயே கேட்டுப் பார்க்கலாம். அதிர்வெண் ஒலி எழுப்பும் செயலி ஒன்றில் 57 ஹெர்ட்ஸ் வைத்து, சுவர் ஓரமாக நிறுத்திய ஒரே ஒரு மானிட்டரில் மிதமான அளவில் ஓடவிட்டு, அகலவாட்டில் ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவர் வரை மெல்ல நடந்தேன். சுவரருகே நின்றபோது அடிவயிறு அதிர்ந்தது. மரக் கதவின் நாதாங்கி கிலுகிலுத்தது. இரண்டடி நடந்ததும் ஒலி மெலியத் தொடங்கியது. நடு அறையில், ஐந்தாவது அடியில், யாரோ மானிட்டரை அணைத்துவிட்டதுபோல ஒலி ஏறக்குறைய மறைந்தேவிட்டது. மேலும் நடக்க நடக்க மீண்டும் வளர்ந்து, எதிர்ச் சுவரில் பழையபடி முழங்கியது. மானிட்டர் முழுநேரமும் ஒரே அளவில்தான் ஒலித்துக்கொண்டிருந்தது.

என் மேசையை நான் போட்டிருந்த விதம் அப்போதுதான் உறைத்தது. நீளச் சுவரில் மேசை. எதிர் நீளச் சுவரில் முதுகு படும்படி நாற்காலி. 57 ஹெர்ட்ஸின் அழுத்தம் உச்சத்தில் இருக்கும் இடத்தில் தலையை வைத்துக்கொண்டுதான் மிக்ஸ் செய்திருக்கிறேன். கீபோர்டில் பேஸ் வரிக்காக நான் வாசித்த ஏ ஷார்ப் சுரம் 58.3 ஹெர்ட்ஸ். அந்தச் சுரம் வரும்போதெல்லாம் அறையும் சேர்ந்து வாசித்தது; அது மிகையாகக் கேட்கவே நான் குறைத்தேன், குறைத்துக்கொண்டே போனேன். கார் என் அறையல்ல. ஆகவே குறைத்தது மட்டும் அங்கே மிஞ்சியது.

எட்டு அங்குல வூஃபர் பொதுவாக 35 முதல் 40 ஹெர்ட்ஸ் வரை கீழே இறங்கும். ஐந்து அங்குலம் 50 ஹெர்ட்ஸை ஒட்டி மெலியத் தொடங்கும். விளம்பரத் தாளில் முதலாவது சிறந்ததாகத் தெரியும். ஆனால் என் அறை மிக மோசமாக நடந்துகொள்வது 40 முதல் 60 ஹெர்ட்ஸ் வரையான பகுதியில்தான் என்பதால், பெரிய வூஃபருக்குக் கொடுத்த கூடுதல் பணம் முழுவதும் அறையின் நோய்க்கு இரை போடவே செலவாகிறது. ஐந்து அங்குலம் அந்த நோயைத் தீர்க்காது; தூண்டுவதைக் குறைக்கும். மிகத் தாழ்ந்த பேஸைக் கேட்க முடியாதே என்ற கவலைக்கு மருந்து நல்ல ஹெட்போன். அதில் அறையே இல்லை. யமஹா நிறுவனம் 1978இல் வீட்டு ஒலிபெருக்கியாக வெளியிட்ட வெள்ளைக் கூம்பு கொண்ட என்எஸ்-10 உலகெங்கும் ஒலிப்பதிவுக் கூடங்களில் மிக்ஸிங் மேசைமேல் அமர்ந்ததை இங்கே நினைவுகூரலாம். அதன் பேஸ் குறைவு. ஆனால் காற்றுப் போய்வரும் துளையில்லாத மூடிய பெட்டி என்பதால், சுரம் நின்றதும் வூஃபரும் சட்டென்று நின்றுவிடும். எது நீள்கிறது, எது நிற்கிறது என்று பிரித்தறிய அந்தப் பண்பு உதவியது. இன்றைய மானிட்டர்களில் பெரும்பாலானவை துளை உள்ளவை. சிறிய பெட்டியிலிருந்து கூடுதல் பேஸ் எடுக்க அது ஒரு வழி; அதற்குக் கொடுக்கும் விலை, துளை ஒத்ததிரும் அதிர்வெண்ணருகே ஒலி சற்று இழுபட்டு அடங்குவது.

ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸுக்குமேல் கதை வேறு. நிலை அலைகள் அங்கே நெருக்கமாகிக் கலந்துவிடுவதால் தனித்தனியாகத் தெரிவதில்லை. ஒலி நின்ற பிறகும் சுவர்களில் பட்டுப் பட்டு அறை முழுவதும் பரவி நீளும் எதிர்முழக்கமே முக்கியமாகிறது. இந்த எல்லைக்கோட்டை 1954இல் கணக்கிட்டுக் காட்டியவர் ஜெர்மானிய இயற்பியலாளர் மான்ஃப்ரெட் ஷ்ரோடர். எதிர்முழக்கத்தை முதலில் அளந்து விதியாக்கியவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வாலஸ் கிளமென்ட் சபைன். ஒரு விரிவுரை மண்டபத்தில் பேச்சு புரியவில்லை என்ற புகாரைத் தீர்க்கும் பணியை 1895இல் ஏற்ற அவர், இரவுகளில் இருக்கை மெத்தைகளை உள்ளே கொண்டுவந்தும் வெளியேற்றியும் ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, அறையிலுள்ள மொத்த உறிஞ்சுதலால் (பரப்பை, அது உறிஞ்சும் பங்கால் பெருக்கினால் வருவது) வகுத்தால் எதிர்முழக்க நேரம் வரும் என்பது அவர் தந்த வாய்பாடு.

என் வெற்றறையின் கன அளவு ஏறத்தாழ 41 கன மீட்டர். சுவர், தரை, மேல்தளம் எல்லாம் சேர்ந்த பரப்பு 71 சதுர மீட்டர். பளபளப்பான பூச்சும் கல்லும் தம்மேல் விழும் ஒலியில் நூற்றில் மூன்று பங்கை உறிஞ்சுவதாகக் கொண்டால் எதிர்முழக்க நேரம் ஏறத்தாழ 3 வினாடி. மிக்ஸ் செய்யும் அறையில் அரை வினாடிக்குக் கீழே இருப்பது நல்லது. வெற்றறையில் கையைத் தட்டினால், பத்தடிச் சுவர்களுக்கிடையே ஓசை நொடிக்கு ஐம்பத்தேழு முறை போய் வந்து, வண்டு சிறகடிப்பதுபோல ‘சிர்ர்’ என்று நீண்டு அடங்கும்.

இப்படிப்பட்ட அறையில் மானிட்டரிலிருந்து நேராக வரும் ஒலியும் சுவர்களிலிருந்து வந்து சேரும் ஒலியும் சமமாகும் தூரம் மிகக் குறைவு. நடு அதிர்வெண்களுக்குக் கணக்கிட்டால், வெற்றறையில் அது ஒன்றரை அடி; எதிர்முழக்கத்தை 0.8 வினாடிக்குக் குறைத்தால் மூன்றடி. அதற்கப்பால் உட்கார்ந்தால் மானிட்டரைவிட அறையே அதிகம் கேட்கும். ஆகவே மூன்று, மூன்றரை அடியில் உட்கார்ந்து, இரண்டு மானிட்டர்களும் தலையும் சமபக்க முக்கோணமாக அமைய, ட்வீட்டர் (உச்ச ஒலியைத் தரும் சிறிய பகுதி) காது மட்டத்தில் இருக்கக் கேட்பதே வழி. இவ்வளவு அருகில் கேட்பதற்குப் பெரிய பெட்டி ஒவ்வாது. வூஃபரும் ட்வீட்டரும் இரண்டு தனி இடங்களிலிருந்து ஒலிப்பதுபோலத் தோன்றும்.

என் கருத்தில், வாங்குவோர் மிகக் குறைவாகக் கவனிப்பதும் மிக அதிகமாகக் கவனிக்க வேண்டியதும் மானிட்டர் பக்கவாட்டில் எப்படி ஒலிக்கிறது என்பதைத்தான். சுவரில் பட்டுத் திரும்பி வருவது அந்தப் பக்கவாட்டு ஒலியே. ஒரு கூம்பின் குறுக்களவு அலைநீளத்தை எட்டும்போது ஒலி விரிந்து பரவாமல் டார்ச் விளக்குபோல முன்னோக்கிக் குவியும். 2,000 ஹெர்ட்ஸின் அலைநீளம் பதினேழரை சென்டிமீட்டர். எட்டு அங்குலக் கூம்போ இருபது சென்டிமீட்டர். அங்கே வூஃபர் குவித்துக்கொண்டிருக்கும்போது, அடுத்துப் பொறுப்பேற்கும் ஒரு அங்குல ட்வீட்டர் எல்லாத் திசையிலும் விரிக்கிறது. நேரே சமமாகக் கேட்கும் மானிட்டர், பக்கச் சுவருக்கு மட்டும் பள்ளமும் மேடுமான ஒலியை அனுப்பும் நிலை அப்படித்தான் உண்டாகிறது. ஐந்து அங்குலக் கூம்பில் இந்த முரண் குறைவு. ட்வீட்டரைச் சுற்றி ஆழமற்ற கிண்ணம்போல வடித்த அலைவழி இருந்தால் இரண்டின் பரவலும் இன்னும் நன்றாகப் பொருந்தும். கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் குழுமத்தில் ஃபிளாய்ட் டூல் நடத்தி 1985, 1986 ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகள், பெட்டியை மறைத்துவைத்துக் கேட்கச் செய்தபோது, நேர்முகமாகவும் பக்கவாட்டிலும் சீராக ஒலிக்கும் ஒலிபெருக்கிகளையே கேட்போர் விரும்பினர் என்று காட்டின.

மானிட்டரைச் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைப்பது? பின்சுவரில் பட்டு வரும் ஒலி, கால் அலைநீள தூரத்துக்குரிய அதிர்வெண்ணில் நேரொலியை ரத்து செய்யும். வூஃபர் சுவரிலிருந்து ஒரு மீட்டரில் இருந்தால் பேஸின் நடுவே 87 ஹெர்ட்ஸில் பள்ளம் விழும். பெட்டியைச் சுவரோடு நெருக்கி வூஃபர் 30 சென்டிமீட்டரில் அமைந்தால் பள்ளம் 290 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். அதை மெத்தையால் சமாளிக்கலாம். சுவர் நெருக்கத்தால் பேஸ் தடிப்பதைப் பெட்டியின் பின்னாலுள்ள விசை (ஸ்விட்ச்) கொண்டு குறைத்துக்கொள்ளலாம். சிறிய அறைக்கு வாங்கும் மானிட்டரில் இந்த விசை கட்டாயம் இருக்க வேண்டும். துளை பின்பக்கம் இருந்தால் அது மூச்சுவிட நாலைந்து விரல் இடமாவது விடவேண்டும்.

நான் மேசையைத் திருப்பிப் பத்தடிச் சுவரில் போட்டேன். இப்போது பன்னிரண்டடி நீளத்தை நோக்கி மானிட்டர்கள் ஒலிக்கின்றன. தலை முன்சுவரிலிருந்து நாலரை அடியில், இரு பக்கச் சுவர்களுக்கும் நட்டநடுவில் இருக்கிறது. நீளவாட்டு நிலை அலையின் உச்சத்திலும் இல்லை, கணுவிலும் இல்லை. வீட்டுப் பரணில் பல காலமாகக் கிடந்த, கல்யாணச் சீர்வரிசையாக வந்த இலவம்பஞ்சு மெத்தைகள் நான்கை இறக்கி, இரண்டைச் சுருட்டிப் பின்மூலைகளில் நிறுத்தினேன். இரண்டைப் பக்கச் சுவர்களில், சுவரோடு ஒரு கண்ணாடியை நகர்த்தும்போது, நாற்காலியில் இருப்பவருக்கு எந்த இடத்தில் மானிட்டர் தெரிகிறதோ அந்த இடத்தில், சாய்த்துவைத்தேன். கைதட்டலின் ‘சிர்ர்’ போய்விட்டது. 57 ஹெர்ட்ஸை மெத்தையால் முழுமையாகத் தீர்க்க ஒன்றரை மீட்டர் தடிமன் வேண்டும், அது நடவாது. முட்டை அட்டைகளை ஒட்டுவதும் மெல்லிய துணித் திரை கட்டுவதும் உச்ச அதிர்வெண்களை மட்டும் மழுக்கிவிட்டுப் பேஸை அப்படியே விட்டுவிடும். செய்யாமல் இருப்பதே மேல்.

எஞ்சும் முழக்கத்தை, ரூம் ஈக்யூ விசார்ட் என்னும் இலவச மென்பொருளாலும் ஓர் அளவீட்டு மைக்காலும் அளந்து, அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் குறைக்கலாம். மேட்டைத்தான் குறைக்கலாம், பள்ளத்தை நிரப்ப முடியாது. எவ்வளவு கூட்டினாலும் ரத்து செய்யும் எதிரொலியும் அதே அளவு கூடும். ஒலியளவையும் 75 டெசிபலை ஒட்டி நிலையாக வைத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் மெல்லக் கேட்கும்போது நம் காது பேஸைக் குறைவாகவே உணரும் என்பதை ஃபிளெட்சரும் மன்சனும் 1933இலேயே அளந்து காட்டியிருக்கிறார்கள்.

கடையில் பேஸைக் கேட்டு முடிவு செய்யக் கூடாது; அது கடையின் அறை. அங்கே சோதிக்கக்கூடியவை இரண்டு. நன்றாகப் பழகிய ஒரு குரலை ஒரே மானிட்டரில் ஓடவிட்டு, நம் பேச்சை நிறுத்திவிட்டு, நேரிலிருந்து பக்கவாட்டுக்கு இரண்டடி மூன்றடி நகர்ந்து கேட்க வேண்டும். குரல் கொஞ்சம் மங்கலாம், ஆனால் வேறொருவருடைய குரலாக மாறக் கூடாது. பிறகு பாட்டை நிறுத்தி, மின்சாரத்தை அணைக்காமல், ட்வீட்டருக்கு மூன்றடியில் காதை வைக்க வேண்டும். கடைவீதி இரைச்சலில் தெரியாத ‘ஸ்ஸ்’ ஒலி, ஊர் அடங்கி முற்றத்தில் சொட்டும் தண்ணீர் கூடக் கேட்கும் இரவில், அதே மூன்றடியில் விடியும்வரை கூடவே இருக்கும்.