படத்துக்கு ஐந்து ஸ்டார் போட்டால் காசு தருகிறார்களாம்

படம் பார்த்துவிட்டு வந்தால் நாலு வார்த்தை சொல்லாமல் நமக்குத் தூக்கம் வராது. டீக்கடையிலும் கல்யாணப் பந்தியிலும் "படம் எப்படி?" என்று கேட்டால் போதும், "ஃபர்ஸ்ட் ஹாஃப் ஓகே, செகண்ட் ஹாஃப் இழுவை" என்று ஆரம்பித்துவிடுவோம். இதற்கு இதுவரை யாரும் நமக்குப் பத்து பைசா கொடுத்ததில்லை. இனியும் கொடுக்கப் போவதில்லை. இந்த ஒரு விஷயம் உங்களுக்குத் தெளிவாக இருந்தால் இந்தக் கட்டுரையை இதோடு மூடிவிட்டு வேறு வேலை பார்க்கலாம்.

மற்றவர்களுக்காக எழுதுகிறேன். நான் மதுரையில் கிரிமினல் வழக்கறிஞர். ஒரு காலத்தில் அடிதடி, செக் பவுன்ஸ், எல்லைத் தகராறு என்று வந்துகொண்டிருந்தார்கள். இப்போது உள்ளே வருகிறவர் முதலில் செல்போனைத்தான் மேஜைமேல் வைக்கிறார். பார்ட் டைம் வேலை, வீட்டிலிருந்தே சம்பாத்தியம், சினிமாவுக்கு ரேட்டிங் போடும் வேலை. போன வாரமும் ஒருவர். பொறுமை போய்விட்டது.

வந்தவர் ஒரு தங்கச்சி. எம்.சி.ஏ. முடித்தவர். குழந்தைக்காக வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறார். வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ்: புதுப் படங்களுக்கு ரேட்டிங் போட ஆள் தேவை, ஒரு செட்டுக்கு முப்பது படம், தினமும் அரை மணி நேரம். அங்கிருந்து டெலிகிராம். அங்கிருந்து ஒரு இணையதளம், பார்த்தால் டிக்கெட் புக்கிங் தளம் மாதிரியே இருக்கும். போஸ்டர் வரும், ஐந்து ஸ்டாரை அழுத்த வேண்டும், அடுத்த போஸ்டர் வரும். ஒவ்வொரு அழுத்தலுக்கும் மேலே 'வாலட்' என்ற இடத்தில் எண் கொஞ்சம் ஏறும். "இதுல ஒரு படம் நான் தியேட்டர்ல பார்த்தது சார். செம மொக்கை. ஆனா ஒரு ஸ்டார் போட்டா சிஸ்டம் ஏத்துக்காதுன்னாங்க." அந்த இடத்திலேயே எழுந்து வந்திருக்கலாம். கருத்து கேட்கிறவன் எவனும் என்ன கருத்து சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே சொல்ல மாட்டான்.

முதல் நாள் 150 ரூபாய் வங்கிக் கணக்கில் வந்தது. இரண்டாம் நாள் கொஞ்சம் கூட. மூன்றாம் நாள் பத்தாயிரம் கட்டச் சொன்னார்கள், கட்டினார், பதினான்காயிரமாகத் திரும்பி வந்தது. அடுத்த நாள் முப்பது போஸ்டருக்கு நடுவே தங்க நிறப் பட்டையோடு ஒரு படம் வந்தது. 'லக்கி காம்போ'வாம். அழுத்தியதும் வாலட்டில் சிவப்பு எழுத்தில் மைனஸ் 28,400. அந்த மைனஸைக் கட்டினால்தான் செட் முடியும், செட் முடிந்தால்தான் பணம் எடுக்கலாம். கட்டினார். அடுத்த தங்கப் பட்டை. கட்டினார். பிறகு 'கிரெடிட் ஸ்கோர்' குறைந்துவிட்டதாம், அதைச் சரிசெய்ய ஒரு தொகை. பிறகு வருமான வரியாம். நகை அடகுக் கடைக்குப் போய், கடைசியில் ஆறேகால் லட்சத்தில் நின்றது. இதற்குமேல் இது எப்படி நடக்கிறது என்று விளக்கத் தேவையில்லை. பார்த்தாலே தெரிகிறது.

எனக்கு எரிச்சல் வருவது வேறு ஒரு இடத்தில். வருகிற ஒவ்வொருவரும், படித்தவர் படிக்காதவர் வித்தியாசமே இல்லாமல், ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "ஏமாத்துறவன் எதுக்கு சார் மொதல்ல எனக்குக் காசு குடுக்கணும்?"

நிதானமாகச் சொல்கிறேன். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் மூணு சீட்டு விளையாட்டுக்காரன் முதல் ஆட்டத்தை உங்களிடம் தோற்பான். ஏன் தோற்கிறான் என்று அங்கே யாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. அதே ஆள் செல்போனுக்குள் வந்து தோற்றால் மட்டும் நமக்கு நம்பிக்கை வந்துவிடுகிறது. அவன் கொடுத்த 150 ரூபாய் உங்கள் உழைப்புக்குக் கூலி கிடையாது. நாளைக்கு நீங்கள் பத்தாயிரத்தை அனுப்பும்போது கை நடுங்கக் கூடாது என்பதற்கான செலவு. பதினான்காயிரமும் அப்படித்தான். அதற்குப் பிறகு நீங்கள் லட்சத்தை அனுப்புவீர்கள்.

இன்னும் கேளுங்கள். அந்த 150 ரூபாய்கூட அவன் காசு இல்லை. அந்தத் தங்கச்சியின் பேங்க் ஸ்டேட்மென்ட்டை எடுத்துப் பார்த்தோம். மூன்று வரவு, மூன்று வெவ்வேறு பெயர். ஒன்று ஏதோ டிரேடர்ஸ், ஒன்று மொபைல் கடை, ஒன்று வடக்கே எங்கேயோ இருக்கும் ஒரு தனிநபர். சம்பளம் கொடுக்கிற கம்பெனி எங்காவது தினம் ஒரு பெயரில் கொடுக்குமா? உங்களைப் போலவே ஏமாந்த இன்னொருவர் கட்டிய பணத்தில் ஒரு துளி உங்கள் கணக்குக்கு வந்திருக்கிறது. உங்கள் பணத்தில் ஒரு துளி வேறு யாருக்கோ 'முதல் நாள் சம்பளம்' ஆகியிருக்கும்.

அதோடு இன்னொன்று. 'வாலட்டில் ஒன்பது லட்சம் இருக்கு சார்' என்கிறார்களே, அது பணமே கிடையாது. ஒரு வெப்சைட்டில் ஒருவன் டைப் செய்த எண். அவன் நினைத்தால் அதை ஒன்பது கோடி ஆக்கலாம். அதை மீட்கத்தான் நீங்கள் நகையை வைக்கிறீர்கள்.

கையில் காசு வந்ததால் நிஜம் என்று நம்பியவர்களில் ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்ப்பவரும் உண்டு, ஆசிரியரும் உண்டு. ஆகவே 'படிக்காதவங்கதான் ஏமாறுவாங்க' என்ற பேச்சையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

மோசடிக்காரன் ஏன் சினிமாவைப் பிடித்தான் என்பதும் யோசித்துப் பார்க்க வேண்டிய விஷயம். நம் ஊரில் எந்தப் படத்துக்கும் நல்ல விமர்சனம் வந்தால் உடனே 'பெய்டு ரிவ்யூ' என்கிறோம். படம் வெளியான முதல் மூன்று நாள் ஆன்லைன் விமர்சனங்களுக்குத் தடை கேட்டுத் தயாரிப்பாளர்கள் சங்கமே 2024-இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. இடைக்காலத் தடை கிடைக்கவில்லை. விமர்சனத்துக்குப் பின்னால் பெரிய பணம் புழங்குகிறது என்று ஊரே பேசும்போது, அதில் நமக்கும் 150 ரூபாய் வருவது நியாயமாகத்தான் தோன்றும். மோசடிக்காரன் புதிதாக எதையும் நம்பவைக்கவில்லை. நாம் ஏற்கெனவே நம்பிக்கொண்டிருப்பதில் ஏறி உட்கார்ந்துகொண்டான். சினிமா அலுத்தால் ஹோட்டல் ரேட்டிங், அதுவும் அலுத்தால் யூடியூப் லைக்.

பணம் எங்கே போகிறது? முதலில் 'மியூல்' கணக்குகளுக்கு. ஐயாயிரம், பத்தாயிரத்துக்கு ஆசைப்பட்டு ஏ.டி.எம். கார்டையும் சிம் கார்டையும் சேர்த்துக் கொடுத்துவிடும் காலேஜ் பிள்ளைகளின் கணக்குகள் இவை. (தம்பிகளா, வழக்கு வந்தால் முதல் கைது நீங்கள்தான். 'எனக்கு ஒண்ணும் தெரியாது சார்' என்பதை மாஜிஸ்திரேட் நிறையக் கேட்டுவிட்டார்.) அங்கிருந்து நாலைந்து கணக்குகளாகப் பிரிந்து, பிறகு கிரிப்டோவாக மாறி வெளிநாடு. கம்போடியா, மியான்மர், லாவோஸில் இதற்கென்றே வளாகங்கள் நடக்கின்றன. டேட்டா என்ட்ரி வேலை என்று நம்பிப் போய், அங்கே அடைத்துவைக்கப்பட்டு, பிறகு மீட்கப்பட்ட தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. உங்களிடம் பாசமாகத் தமிழில் சாட் செய்த 'கோ-ஆர்டினேட்டர் மேடம்' அப்படி அடைபட்டிருக்கும் ஒரு பையனாகவும் இருக்கலாம்.

2023 டிசம்பரில் மத்திய அரசு இதுபோன்ற டாஸ்க் மோசடித் தளங்கள் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை முடக்கியது. அடுத்த ஆண்டு, 2024-இல், நாடு முழுக்க சைபர் மோசடிகளில் போனதாகப் புகாரான தொகை 22,845 கோடி ரூபாய். முடக்கியதில் என்ன பலன் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

பணம் கட்டாமல் 150 ரூபாயை மட்டும் வாங்கிக்கொண்டு ஒதுங்கியவர்கள் 'நான் உஷார்' என்று சிரிக்க வேண்டாம். அந்த 150 திருட்டுப் பணம் என்பதால், வேறு மாநில போலீஸ் உங்கள் கணக்கை முடக்க முடியும். சம்பளம் வரும் கணக்கு நின்றுபோய், இ.எம்.ஐ. பவுன்ஸ் ஆகி, எந்த ஊர் ஸ்டேஷன் என்றே தெரியாமல் தவித்தவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். அதை விடுவிக்க ஆகும் வக்கீல் ஃபீஸ் 150 ரூபாயைவிட அதிகம் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

மாட்டிக்கொண்டீர்களா? முதலில் கட்டுவதை நிறுத்துங்கள். 'இன்னும் இருபதாயிரம் கட்டினா எல்லாம் வந்துடும்' என்ற எண்ணம் வரும். வராது. அந்த நிமிடமே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள். கணவரிடம் எப்படிச் சொல்வது, அப்பா என்ன சொல்வார் என்று யோசித்து ராத்திரியைக் கடத்தாதீர்கள். பணம் முதல் கணக்கிலேயே இருந்தால் பிடித்து நிறுத்த வாய்ப்பு உண்டு, பிரிந்துவிட்டால் குறைந்துகொண்டே போகும். ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் வங்கி தரும் அடையாள எண் (யு.டி.ஆர்.), தேதி, தொகை கையில் இருக்கட்டும். cybercrime.gov.in தளத்திலும் புகாரைப் பதிவு செய்து, ஒப்புகை எண்ணோடு மாவட்ட சைபர் கிரைம் ஸ்டேஷனுக்கு நேரில் போங்கள். வழக்கில் புதிய குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4), ஐ.டி. சட்டத்தின் 66டி என்ற மோசடிப் பிரிவுகளை எழுதுவார்கள். (பழைய 420-க்கு இருந்த கெத்து இந்த 318-க்கு இன்னும் வரவில்லை.) ஏதாவது கணக்கில் பணம் நிறுத்தப்பட்டிருந்தால், அதைத் திரும்பப் பெறப் பெரும்பாலும் நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டியிருக்கும். தானாக வந்துவிடாது.

அவனோடு நடந்த வாட்ஸ்அப், டெலிகிராம் உரையாடலை அழிக்காதீர்கள். வெட்கத்தில் அழித்துவிட்டு வருகிறவர்களிடம் என்ன சொல்வது? டெலிகிராமில் இன்னொரு சிக்கல்: எதிரே இருப்பவனே இரண்டு பக்கத்து உரையாடலையும் அழித்துவிட முடியும். நீங்கள் சந்தேகப்பட்டுக் கேள்வி கேட்ட அடுத்த நிமிடம் அவன் செய்வது அதைத்தான். ஆகவே சண்டை போடுவதற்கு முன்னால் ஸ்கிரீன்ஷாட். காட்டும் பெயர் போதாது, '@' போட்டு வரும் யூசர்நேமும் வெப்சைட்டின் முழு முகவரியும் தெரிய வேண்டும்.

வங்கியே பணத்தைத் தரும் என்று ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கையைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அது உங்களுக்குத் தெரியாமல், உங்கள் அனுமதி இல்லாமல் போன பணத்துக்கு. இங்கே பின் நம்பர் போட்டு அனுப்பியது நீங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். திட்டாதீர்கள். "நான் அப்பவே சொன்னேன்" என்ற வசனம் வேண்டாம். குழந்தையை வைத்துக்கொண்டு சொந்தமாக நாலு காசு பார்க்கலாம் என்று நினைத்தது குற்றம் இல்லை. அந்தத் தங்கச்சி மூன்று நாள் யாரிடமும் சொல்லாமல் இருந்தார். காரணம், வீட்டுக்காரர் என்ன சொல்வாரோ என்ற பயம். அந்த மூன்று நாளில் பணம் கைமாறிக் கைமாறி எங்கோ போய்விட்டது.

புகார் கொடுத்த சில நாளில் இன்னொரு போன் வரும். சைபர் போலீஸ் என்பான், ரிசர்வ் வங்கி என்பான், 'ரிக்கவரி வக்கீல்' என்றும் சொல்வான். உங்கள் பெயரும் நீங்கள் இழந்த தொகையும் துல்லியமாகச் சொல்வான். ஏனென்றால் பெரும்பாலும் உங்களை ஏமாற்றிய அதே கும்பல். பணம் தயாராக இருக்கிறது, பிராசசிங் ஃபீஸ் மட்டும் கட்டுங்கள் என்பான். எந்த போலீசும் எந்த நீதிமன்றமும் இப்படிப் போனில் கூப்பிட்டு ஜிபேயில் ஃபீஸ் வாங்குவதில்லை. நாங்கள் வாங்குவோம்தான், ஆனால் நேரில் வந்து வக்காலத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு.