"ஜெயில் இல்லை, கையெழுத்துப் போடுங்கள்" என்று வக்கீல் சொன்னால்

அமெரிக்காவில் கிரீன் கார்டிலோ விசாவிலோ இருக்கும் ஒருவர் மேல் மோசடி வழக்கு வந்தால், குடும்பம் கேட்பது ஒரே கேள்விதான்: ஜெயிலுக்குப் போக வேண்டியிருக்குமா? கோர்ட் கொடுக்கும் வக்கீலும் பெரும்பாலும் அதற்கு மட்டுமே பதில் சொல்கிறார். "ஜெயில் இல்லை, புரொபேஷன்தான் (வெளியே இருந்தபடி கண்காணிப்பில் கழிக்கும் தண்டனை). பணத்தைத் தவணையில் கட்டிவிடலாம். இங்கே கையெழுத்துப் போடுங்கள்." வீட்டில் எல்லோருக்கும் அப்போதுதான் உயிர் வருகிறது. சில வருடம் கழித்து அதே கையெழுத்தைக் காட்டி நாட்டை விட்டுப் போகச் சொல்கிறார்கள். இப்படி மாட்டிக்கொண்ட குடும்பங்களுக்கு மொழிபெயர்க்கப் போய் உட்கார்ந்திருக்கிறேன். முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி எது என்று யாருமே அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

ரொசெல்வா சைதெஸ் என்ற பெண்ணின் வழக்கு 2013-ல் உச்ச நீதிமன்றம் வரை போனது. மெக்சிகோவிலிருந்து வந்தவர், 1977-ல் கிரீன் கார்டு வாங்கியவர். கார் இன்சூரன்ஸ் கம்பெனியை ஏமாற்றிய ஒரு கூட்டத்தில் அவருக்கும் பங்கு இருந்தது. மொத்த மோசடி சுமார் 26,000 டாலர். அவர் கைக்கு வந்தது 1,200 டாலர். குற்றத்தை ஒப்புக்கொண்டார், நாலு வருடம் புரொபேஷன் கிடைத்தது. வழக்கு முடிந்துவிட்டது என்று நினைத்து, பிறகு குடியுரிமைக்கு விண்ணப்பித்தார். அந்த விண்ணப்பத்தைப் பார்த்த பிறகுதான் இமிக்ரேஷன் துறை அவரை நாடுகடத்தும் வழக்கைத் தொடங்கியது. "இப்படி ஆகும் என்று என் வக்கீல் சொல்லவே இல்லை" என்ற அவருடைய வாதமும் எடுபடவில்லை.

அவர் மாட்டியது 10,000 டாலர் விதியில். 1996 வரை இந்த வரம்பு 2 லட்சம் டாலராக இருந்தது. அந்த வருடம்தான் அமெரிக்க காங்கிரஸ் இதை இறக்கியது. மோசடியிலோ ஏமாற்றிலோ பாதிக்கப்பட்டவருக்கு 10,000 டாலருக்கு மேல் நஷ்டம் என்றால், இமிக்ரேஷன் சட்டத்தில் அது 'அக்ரவேட்டட் ஃபெலனி', அதாவது கடுங்குற்றம். ஒரு நாள்கூட ஜெயிலில் இருந்திருக்க வேண்டாம், நஷ்டத் தொகை தாண்டியிருந்தாலே போதும். இந்த முத்திரை விழுந்துவிட்டால், முப்பது வருடம் இங்கே வாழ்ந்த கிரீன் கார்டுக்காரருக்கும் நீதிபதி கருணை காட்டி நிறுத்திவைக்கும் வழி அடைபடுகிறது. தடுப்புக் காவலில் ஜாமீன் கிடையாது. குடியுரிமை இனி எப்போதும் கிடையாது. வெளியேற்றப்பட்டால் சிறப்பு அனுமதி இல்லாமல் திரும்பி வர முடியாது. அடைக்கலமும் கேட்க முடியாது. இலங்கையிலிருந்து வந்து அடைக்கல வழக்கு நிலுவையில் இருப்பவர்கள் இதை இரண்டு தடவை படிக்க வேண்டும்.

அந்த 10,000 யாருடைய கணக்கு?

பெரும்பாலோர் விழும் குழி இதுதான். "நான் எடுத்தது ஆயிரம் டாலர்தானே" என்பார்கள். உங்கள் பங்கு எவ்வளவு என்று சட்டம் பார்ப்பதில்லை, பாதிக்கப்பட்டவருக்கு மொத்தம் எவ்வளவு போயிற்று என்றே பார்க்கிறது. கூட்டுச்சதி என்ற குற்றச்சாட்டை ஒப்புக்கொண்டால் அந்தச் சதியின் முழுத் தொகையும் உங்கள் தலையில் விழலாம். சதி, முயற்சி என்ற குற்றச்சாட்டுகளில் பணம் கைக்கே வராமல் போயிருந்தாலும், எவ்வளவு அடிக்கப் பார்த்தார்கள் என்ற கணக்கு எடுக்கப்படும்.

இதில் இப்போது அதிகம் சிக்குவது மாணவர்கள். வயதானவர்களுக்கு அரசு அதிகாரி போலப் போன் செய்து பணத்தையோ தங்கத்தையோ கட்டிக்கொடுக்கச் சொல்லும் கும்பல்கள் இருக்கின்றன. அதை வீட்டு வாசலில் போய் வாங்கி வர ஆள் வேண்டும். "பார்சல் எடுத்துக்கொடு, தடவைக்கு இவ்வளவு" என்று வாட்ஸ்அப்பில் வரும் வேலை அதுதான். பல மாநிலங்களில் இந்திய மாணவர்கள் இதில் தண்டனை பெற்றிருக்கிறார்கள். ஒரே ஒரு பார்சலிலேயே 10,000 தாண்டிவிடும். உங்கள் பிள்ளை அங்கே படிக்கிறான் என்றால் இன்றைக்கே போன் போட்டுச் சொல்லுங்கள்.

அடுத்தது, அந்தத் தொகை எந்தக் காகிதத்தில் இருக்கிறது என்பது. மனோஜ் நிஜாவன் இந்தியாவிலிருந்து 1985-ல் வந்தவர். அவர் வழக்கில் ஜூரி நஷ்டத் தொகை எதையும் தீர்மானிக்கவில்லை. ஆனால் தண்டனை விசாரணையின்போது, நஷ்டம் 10 கோடி டாலருக்கு மேல் என்று அவர் தரப்பு ஒப்புக்கொண்டிருந்தது. அந்த ஒப்புதலும் இழப்பீட்டு உத்தரவும் போதும் என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே தண்டனை விசாரணையில் வேலை சீக்கிரம் முடியட்டும் என்று எழுதும் ஒரு வரியை, வேறொரு கட்டடத்தில் உட்கார்ந்திருக்கும் வேறொரு நீதிபதி எடுத்துப் படிப்பார். தீர்ப்புக்குப் பிறகு கடைசி சென்ட் வரை திருப்பிக் கட்டினாலும் அந்த வரி அழியாது.

அதே தீர்ப்பில் நமக்கு உதவும் ஒரு விஷயமும் இருக்கிறது. எந்தக் குற்றச்சாட்டில் தண்டனை கிடைத்ததோ, அதோடு சேர்ந்த நஷ்டத்தை மட்டுமே எண்ண வேண்டும். பத்துக் குற்றச்சாட்டு இருந்து, உண்மையிலேயே 10,000-க்குள் நிற்கும் ஒன்றை மட்டும் ஒப்புக்கொண்டு, தொகையை அதற்கென்று தனியாக எழுதி வாங்கினால் பிழைக்க வழி உண்டு. கையெழுத்துக்கு முன்னால்தான் இதைச் செய்ய முடியும்.

வரிக் கணக்கும் இதில் அடங்கும். ஜப்பானியத் தம்பதி கவாஷிமா கலிஃபோர்னியாவில் ரெஸ்டாரன்ட் நடத்தியவர்கள். தங்கள் கம்பெனிக்குப் பொய்யான வரிக் கணக்கு கொடுத்ததாகக் கணவர் ஒப்புக்கொண்டார், அதற்கு உதவியதாக மனைவி ஒப்புக்கொண்டார். இதுவும் ஏமாற்றுக் குற்றமே என்று 2012-ல் முடிவானது. ரீஃபண்டைக் கூட்டித் தருகிறேன் என்று சொல்லும் டாக்ஸ் ஆளிடம் காகிதத்தை நீட்டுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்து உங்களுடையது.

10,000-க்குக் கீழே இருந்தால்?

தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். மோசடி எவ்வளவு சின்னதானாலும் அது ஒழுக்கக்கேடான குற்றம் என்ற வகையில் விழும். 1951-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. அமெரிக்காவில் அனுமதி பெற்ற 5 வருடத்துக்குள் இப்படி ஒரு குற்றம் செய்து, அதற்கு ஒரு வருடமோ அதற்கு மேலோ தண்டனை கொடுக்கச் சட்டத்தில் இடம் இருந்தால் நாடுகடத்தலாம். எவ்வளவு கொடுத்தார்கள் என்பது பேச்சில்லை, எவ்வளவு கொடுக்கலாம் என்பதுதான் கணக்கு. ஒரே சம்பவத்தில் சேராத இரண்டு குற்றங்கள் என்றால் இந்த 5 வருட வரம்பும் கிடையாது. கலிஃபோர்னியாவும் நியூயார்க்கும் சின்னக் குற்றங்களுக்கான உச்சத் தண்டனையை 364 நாளாக்கியது இதற்காகத்தான். அந்த ஒரு நாள் குறைவு பல குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கிறது.

இதிலும் மோசமான பொறி விமான நிலையத்தில் இருக்கிறது. கிரீன் கார்டு வாங்கி எட்டாவது வருடத்தில் ஒரு மோசடி வழக்கு, தொகை 10,000-க்குக் கீழே என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவை விட்டு வெளியே போகாமல் இருந்தால் அந்த ஒரு வழக்குக்காக நாடுகடத்த முடியாது. தங்கை கல்யாணத்துக்கு மதுரைக்குப் போய்த் திரும்பினால், நெவார்க்கில் இறங்கும்போது அவரைப் புதிதாக நுழைவு கேட்பவராகக் கருதிச் சட்டம் நிறுத்துகிறது. நுழைவதற்கான விதிகள் வேறு. அங்கே ஒரு குற்றமே போதும். உச்சத் தண்டனை ஒரு வருடத்தைத் தாண்டாத குற்றமாக இருந்து, விதித்த தண்டனை ஆறு மாதத்துக்குள் இருந்து, அதுவே ஒரே குற்றமாகவும் இருந்தால் மட்டும் விலக்கு உண்டு. பழைய வழக்கு எதுவாக இருந்தாலும் டிக்கெட் எடுப்பதற்கு முன் இமிக்ரேஷன் வக்கீலைப் பாருங்கள். சாவு வீடாக இருந்தாலும் ஒரு போனாவது செய்துவிட்டுக் கிளம்புங்கள்.

"கேஸ் டிஸ்மிஸ் ஆயிடுச்சு" என்ற நம்பிக்கை

கிரிமினல் கோர்ட்டில் டிஸ்மிஸ் ஆன வழக்கு இமிக்ரேஷனில் உயிரோடு இருக்கலாம். குற்றத்தை ஒப்புக்கொண்டோ, எதிர்க்கவில்லை என்று சொல்லியோ, அதற்கு ஏதாவது ஒரு கட்டுப்பாடு விதிக்கப்பட்டால், இமிக்ரேஷன் சட்டத்தில் அது தண்டனை பெற்ற வழக்குதான். வகுப்புக்குப் போனீர்கள், பணம் கட்டினீர்கள், ஒரு வருடம் ஒழுங்காக இருந்தீர்கள், நீதிபதி வாழ்த்தி டிஸ்மிஸ் செய்தார், எதுவும் இதை மாற்றாது. வாயைத் திறந்து ஒப்புக்கொள்வதற்கு முன்பே, இப்படி வகுப்பு, நன்னடத்தை என்று முடித்தால் வழக்கைக் கைவிடும் திட்டத்தில் சேர்த்திருந்தால் மட்டுமே கதை வேறு. நிறுத்திவைத்த தண்டனையும் முழுத் தண்டனையாகவே எண்ணப்படும். எக்ஸ்பஞ்ச் செய்து பதிவை அழித்தாலும் இமிக்ரேஷனுக்கு அது அழியாது.

அழித்ததால் வரும் அலைச்சல் வேறு. குடியுரிமைக்கோ கார்டு புதுப்பிக்கவோ போனால் கைரேகையில் பழைய கைது தெரிந்துவிடும். உடனே கோர்ட் சான்றிட்ட தீர்ப்பு நகல் கொண்டு வா என்று கடிதம் வரும். கோர்ட் கிளார்க்கிடம் போனால் அப்படி ஒரு பதிவே இல்லை என்பார். போலீஸிடம் போனால் கோர்ட்டைக் கேள் என்பார்கள். ஒரு அரசு அலுவலகம் அழித்த காகிதத்தை இன்னொரு அரசு அலுவலகம் கேட்கிறது, நடுவில் வேலைக்கு லீவு போட்டு அலைவது நீங்கள். ஆகவே பதிவை அழிப்பதற்கு முன்பே சான்றிட்ட நகல்களை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குற்றச்சாட்டு, ஒப்புதல் பத்திரம், தீர்ப்பு, இழப்பீட்டு உத்தரவு, பணம் கட்டிய ரசீது என எல்லாவற்றுக்கும்.

முகவரி மாற்றமும் ஒரு கொடுமை. விசா, கிரீன் கார்டு, குடியுரிமை விண்ணப்பங்களைப் பார்க்கும் யுஎஸ்சிஐஎஸ் அலுவலகத்துக்கு 10 நாளில் ஏஆர்-11 படிவத்தில் சொல்ல வேண்டும். நாடுகடத்தல் வழக்கு நடக்கும் இமிக்ரேஷன் கோர்ட்டுக்கு 5 வேலை நாளில் வேறு படிவம். ஒன்றுக்குச் சொன்னது மற்றதற்குப் போகாது. கோர்ட் நோட்டீஸ் பழைய வீட்டுக்குப் போய், நீங்கள் ஆஜராகாமல் இருந்தால், நீங்கள் இல்லாமலேயே வெளியேற்ற உத்தரவு போட்டுவிடுவார்கள்.

எச்-1பி (வேலை), எஃப்-1 (மாணவர்) விசாவில் இருப்பவர்கள் நிலை இன்னும் மெல்லியது. கைதானாலே விசாவை ரத்து செய்து ஈமெயில் வரலாம். அக்ரவேட்டட் ஃபெலனி என்றால் கிரீன் கார்டு இல்லாதவரை நீதிபதியிடம் கொண்டுபோகாமலே ஓர் அதிகாரி வெளியேற்ற உத்தரவு போடலாம். நேரில் நோட்டீஸ் கொடுத்தால் பதில் சொல்ல 10 நாள்தான். காவலில் இருப்பவருக்கு அந்த 10 நாள், வக்கீலைத் தேடுவதிலேயே போய்விடும். இமிக்ரேஷன் வழக்கில் அரசு செலவில் வக்கீல் தருவதும் இல்லை.

கையெழுத்துக்கு முன்

2010-ல் ஹோசே படில்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: குற்றத்தை ஒப்புக்கொள்வதால் நாடுகடத்தல் வருமா என்பதைக் கட்சிக்காரருக்குச் சொல்வது கிரிமினல் வக்கீலின் கடமை. சைதெஸின் தண்டனை இதற்கு முன்பே முடிவாகிவிட்டதால்தான் அவருக்கு இது உதவவில்லை. படில்லா வியட்நாம் போரில் பணியாற்றியவர், 40 வருடத்துக்கு மேல் கிரீன் கார்டில் இருந்தவர். "இவ்வளவு நாள் இருந்துவிட்டாய், கவலைப்படாதே" என்றுதான் அவர் வக்கீல் சொன்னார். எனவே உங்கள் வக்கீலிடம் "பிரச்சினை வருமா?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். "வரலாம், இமிக்ரேஷன் வக்கீலைக் கேளுங்கள்" என்று சொல்லித் தப்பிவிடுவார். இப்படிக் கேளுங்கள்: "நான் குடிமகன் இல்லை. இந்தக் குற்றச்சாட்டு, இந்தத் தொகை, இந்தத் தண்டனை நாட்கள், இவை என் கிரீன் கார்டை என்ன செய்யும்? எழுத்தில் சொல்லுங்கள்." பல ஊர்களில், வசதியில்லாதவர்களுக்கு அரசு செலவில் வாதாடும் பப்ளிக் டிஃபெண்டர் அலுவலகத்திலேயே இமிக்ரேஷன் தெரிந்த வக்கீல் இருப்பார். கேட்காவிட்டால் அவர் உங்கள் ஃபைலைத் தொடவே மாட்டார். பதில் வரும் வரை வாய்தா கேளுங்கள். டாக்ஸ் போடுபவர், டிராவல் ஏஜென்ட், கோயிலில் பார்த்த விவரமானவர் யாரிடமும் இந்த முடிவை விடாதீர்கள்.

கிரீன் கார்டு எந்த வழியில் வந்தது என்றும் சொல்லிவையுங்கள். எச்-1பி-யில் இருந்துகொண்டே அமெரிக்காவுக்குள் கார்டு வாங்கியவருக்கு, குடிமகனான மனைவியோ கணவரோ 21 வயது தாண்டிய பிள்ளையோ இருந்தால், புதிதாக விண்ணப்பித்து விலக்கு கேட்க ஒரு வழி மிச்சமிருக்கலாம். இந்தியாவிலுள்ள அமெரிக்க கான்சுலேட்டில் குடியேற்ற விசா வாங்கி வந்திறங்கியவருக்கு அக்ரவேட்டட் ஃபெலனிக்குப் பிறகு அந்த வழி இல்லை. இந்த வித்தியாசத்தைப் பல வக்கீல்களே விசாரிப்பதில்லை.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டாயிற்றா? சரி. என்-400 (குடியுரிமை விண்ணப்பம்), ஐ-90 (கார்டு புதுப்பிக்கும் படிவம்) இரண்டையும் இப்போதைக்கு அனுப்பாதீர்கள். வெளிநாட்டுப் பயணத்தை நிறுத்துங்கள். 18 டாலர் கட்டி எஃப்பிஐ-யிடம் உங்கள் பதிவை வாங்கிப் பாருங்கள். காவலில் எடுத்தால், புரியாத காகிதத்தில், முக்கியமாகச் சம்மதித்து வெளியேறுகிறேன் என்ற காகிதத்தில், கையெழுத்துப் போடாதீர்கள். பழைய வழக்கை வக்கீல் எச்சரிக்காத காரணத்தைச் சொல்லி ரத்து செய்ய முடியுமா என்று பாருங்கள். பாவம் பார்த்து ரத்து செய்தால் இமிக்ரேஷன் ஏற்காது, சட்டக் குறை இருந்ததாக உத்தரவிலேயே எழுதியிருக்க வேண்டும். இதற்குக் கெடு உண்டு. ஃபெடரல் வழக்கில் பொதுவாகத் தீர்ப்பு உறுதியாகி ஒரே ஒரு வருடம். மாநிலத்துக்கு மாநிலம் மாறும். தீர்ப்புத் தேதியை எடுத்துக்கொண்டு இந்த வாரமே போய்க் கேளுங்கள்.