ஏரிக்கரைக்குக் குடிபோன பெயர்

இத்தாலியின் உம்ப்ரியா பகுதியில், எரிமலைச் சாம்பல் இறுகி உருவான செங்குத்துப் பாறை ஒன்றின் மேல் இருக்கிறது ஓர்வியேட்டோ நகரம். 'உர்ப்ஸ் வெட்டுஸ்' என்ற லத்தீன் தொடர்தான் தேய்ந்து இந்தப் பெயர் ஆனது. பொருள், 'பழைய ஊர்'. அப்படியானால் புதிய ஊர் எது? தென்மேற்கே ஏரிக்கரையில் இருக்கும் போல்சேனா.

ரோமர்களுக்கு முன் பாறை மேல் வாழ்ந்த எட்ருஸ்கர்கள் தங்கள் ஊரை 'வெல்ஸ்னா' என்றார்கள். கி.மு. 264இல் ரோமானியப் படை அதைப் பிடித்து இடித்தது. மிஞ்சியவர்களை வேறிடத்தில் குடியமர்த்தியது. மக்களோடு பெயரும் போனது. அந்தப் பழைய நகரம் ஓர்வியேட்டோதான் என்பதே இன்று பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு.

சரி, வெல்ஸ்னா எப்படி போல்சேனா ஆகும்? லத்தீனில் 'ல'கரம் பல இடங்களில் நாக்கின் பின்பகுதி உயர்ந்து, கனத்து ஒலிக்கும். அந்தக் கனம் முன்னால் நிற்கும் எகரத்தை ஒகரமாக இழுத்துவிடும். அதனால் ரோமர் வாயில் வெல்ஸ்னா 'வொல்சினீ' ஆனது. இது ஒரு ஊருக்கு மட்டும் நடந்த விபத்து இல்லை. டஸ்கனியில் 'வெலத்ரி' என்று தன் வெண்கல நாணயங்களில் பொறித்துக்கொண்ட ஊரும் லத்தீனில் 'வொலத்தெர்ரே' ஆகி, இன்று வொல்தெர்ரா என்று வழங்குகிறது. ஒரே மாற்றம் ஊருக்கு ஊர் திரும்ப வருவதால்தான் இதை விதி என்று நம்ப முடிகிறது. அப்புறம் போல்சேனாவில் முதல் வகரமும் பகரமாகிவிட்டது.

வெல்ஸ்னா என்ற வடிவம் வெறும் ஊகம் இல்லை. 1857இல் வுல்ச்சி என்ற இடத்தில் ஒரு கல்லறை திறக்கப்பட்டது. அதன் சுவரோவியத்தில் குத்துப்பட்டுச் சாகிறான் ஒருவன். அருகில் 'லாரிஸ் பப்பத்னாஸ் வெல்ஸ்னக்' என்று எழுதியிருக்கிறது. அதே ஓவியத்தில் வெட்டுப்படும் இன்னொருவன் பெயருக்குப் பின்னால் 'ரூமக்'. ரூமக் என்றால் ரோமைச் சேர்ந்தவன். அப்போது வெல்ஸ்னக், வெல்ஸ்னாக்காரன். எட்ருஸ்கத்துக்கு நெருங்கிய உறவுமொழி எதுவும் உயிரோடு இல்லை. அப்படிப்பட்ட மொழியின் ஒரு விகுதியை, ஒரே சுவரில் இரண்டு பெயர்களைச் சேர்த்துப் பார்த்தே பிடித்துவிட முடிகிறது என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது.

கி.பி. 538இல் தளபதி பெலிசாரியஸ் பாறை நகரை முற்றுகையிட்டதைக் கிரேக்க மொழியில் எழுதிய புரொக்கோப்பியஸ், அதை 'உர்பிவென்டோஸ்' என்றே குறிப்பிடுகிறார். அதற்குள் 'பழைய ஊர்' என்பதே அந்த ஊரின் பெயராக நிலைத்துவிட்டது.