மீயொலி: 'ஸ்கேன்' என்று நாம் சொல்வதன் சரியான பெயர்

பேச்சுவழக்கில் எல்லாமே 'ஸ்கேன்'தான். எக்ஸ்-கதிர் கொண்டு எடுக்கும் சி.டி.யும் அல்ட்ராசவுண்டும் ஒரே பெயரில் அடங்கிவிடுவதால், 'கதிர்வீச்சு குழந்தையைப் பாதிக்குமா?' என்று கர்ப்பிணிகள் பயப்படுகிறார்கள். அல்ட்ராசவுண்டில் உடலுக்குள் போவது வெறும் ஒலி.

'அல்ட்ரா' என்ற லத்தீன் சொல்லுக்கு 'அப்பால்' என்று பொருள். மனிதக் காது நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரை கேட்கும். அதற்கு அப்பாற்பட்டது அல்ட்ராசவுண்ட். மருத்துவத்தில் பெரும்பாலும் 2 முதல் 15 மெகாஹெர்ட்ஸ் வரை பயன்படுகிறது (ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு ஓர் அதிர்வு, மெகாஹெர்ட்ஸ் பத்து லட்சம் அதிர்வுகள்). தமிழில் மீயொலி. 'மீ' என்றால் மேல், மிகுதி. 'மீமிசை', 'மீச்சிறு பொது மடங்கு' என்பவற்றில் வருவதும் இதே 'மீ'தான். சிலர் 'கேளா ஒலி' என்று எழுதுகிறார்கள். அது பொருந்தாது. 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள குற்றொலியும் நமக்குக் கேட்காது. நாய்க்கோ 20,000-க்கு மேலும் கேட்கும்.

உலோகத்தில் விரிசல் தேடும் கருவியைக் கொண்டு சோதிக்கத் தொடங்கிய கிளாஸ்கோ மகப்பேறு மருத்துவர் அயன் டொனால்டு, 1958-இல் வயிற்றுக் கட்டிகளின் மீயொலிப் படங்களை வெளியிட்டார். அன்றைய இயந்திரம் மிகப் பெரியது. இன்று கையடக்க மீயொலிக் கருவி சட்டைப் பைக்குள் அடங்கி, செல்போன் திரையில் படம் காட்டுகிறது. கதிர்வீச்சு இல்லாததால் ஈயத் தடுப்பு வைத்த தனி அறை வேண்டாம். நோயாளியின் கட்டிலுக்கே, மாட்டுத் தொழுவத்துக்கே எடுத்துப் போகலாம்.

கால்நடை மருத்துவருக்கு இது பெரிய உதவி. பசுவின் மலக்குடல் வழியாகப் புரோபை, அதாவது ஒலியை அனுப்பி எதிரொலியைப் பெறும் முனையை, செலுத்தினால், கருவூட்டி ஒரு மாதத்திலேயே சினை தெரிந்துவிடும். கருவின் இதயத் துடிப்பையும் திரையில் பார்க்கலாம். நாய், பூனைக்கு முதலில் வயிற்று முடியை மழிக்க வேண்டும், அப்புறம் ஜெல் தடவ வேண்டும். முடிக்கு நடுவே காற்று தங்கினால் ஒலி அங்கேயே திரும்பிவிடும், படம் கிடைக்காது.

அதிர்வெண் கூடினால் படம் துல்லியமாகும், ஆனால் ஆழம் குறையும். அதனால்தான் ஒரு கருவிக்குப் பல புரோப்கள் தேவைப்பட்டன. ஒலியை எழுப்பும் படிகங்களுக்குப் பதில் சிலிக்கான் சில்லு வைத்த புதிய கருவிகளில், முழு உடலுக்கும் ஒரே புரோப் போதும் என்ற நிலை வந்திருக்கிறது. விலையும் இறங்கியிருக்கிறது. இனி ஆக வேண்டியது, அந்தச் சாம்பல் நிழல்களைப் படித்துச் சொல்லும் பயிற்சியைச் செவிலியர்களுக்கும் கால்நடை மருத்துவர்களுக்கும் பரவலாகக் கொடுப்பது.