ஃப்ளாட் பாதை மட்டும் போதாது: மாரத்தானுக்கு ஊர் தேர்ந்தெடுக்கும் முன்

மழைக்காலம் தொடங்கும்போதே என்னிடம் சிகிச்சைக்கு வரும் ஓட்டக்காரர்கள் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். "சார், முதல் ஃபுல் மாரத்தான், 42 கிலோமீட்டர். சென்னையா, மும்பையா, டெல்லியா? எது ஃப்ளாட்?" செல்போனில் அந்தப் பாதையின் ஏற்ற இறக்கப் படத்தையும் காட்டுவார்கள். வேலூரில் பிசியோதெரபிஸ்டாக இருக்கும் நான் அவர்களை முதலில் பார்க்கச் சொல்வது வேறு: அந்த மாதம், அந்த ஊர், விடியற்காலை. வெப்பம் எவ்வளவு, ஈரப்பதம் எவ்வளவு?

சிகாகோவை எடுத்துக்கொள்ளுங்கள். சமதளமான பாதை, உலகிலேயே வேகமான மாரத்தான் பாதைகளில் ஒன்று. 2023 அக்டோபரில் கெல்வின் கிப்டம் 2 மணி 35 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தது அங்கேதான். அதே ஊரில் 2007 அக்டோபர் 7 அன்று வெப்பம் 31 டிகிரியைத் தொட்டது. ஒருவர் உயிரிழந்தார், பலர் மருத்துவமனைக்குப் போனார்கள், ஓட்டத்தைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். ஊரும் அதே, சமதளமும் அதே.

"31 டிகிரியெல்லாம் நமக்கு ஒரு வெயிலா?" என்று வேலூர்க்காரர் கேட்பது நியாயம்தான். மே மாதத்தில் 40ஐத் தாண்டும் ஊர் நம்முடையது. ஆனால் அந்த வெயிலில் யாரும் நாலு மணி நேரம் ஓடுவதில்லை. உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும், விட்டுவிட்டால் சில வாரங்களில் அந்தப் பழக்கம் போய்விடும். அதோடு நம் கோடை வறண்ட கோடை, வியர்வை உடனே காய்கிறது. அது காயும்போதுதான் உடம்பு குளிரும். சென்னையில் ஜனவரி விடியலில் வெப்பம் குறைவாகத்தான் இருக்கும், ஆனால் கடற்காற்றின் பிசுபிசுப்பில் வியர்வை சொட்டுமே தவிர காயாது. காட்பாடியில் சுலபமாக ஓடிய அதே வேகத்துக்கு அங்கே இதயம் அதிகம் துடிக்க வேண்டியிருக்கும். 30 கிலோமீட்டருக்கு மேல் கால் கனப்பது பலருக்கு இதனால்தான்.

மும்பை ஜனவரியில் நடக்கிறது, பெரும்பாலும் சமதளம். ஆனால் பெடர் ரோடு ஏற்றம் திரும்பி வரும்போது, கிட்டத்தட்ட 35ஆவது கிலோமீட்டரில் வந்து நிற்கும். டெல்லியில் பிப்ரவரிக் குளிர் ஓட்டத்துக்கு நல்லது, பாதையும் சமம். ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களை அந்தக் காற்றுக்கு அனுப்ப எனக்கு மனம் வராது. ஐதராபாத் மேம்பாலங்கள் நேரத்தைக் குறைக்க நினைப்பவர்களுக்கு ஆகாது. முதல் ஃபுல் என்றால் என் ஓட்டு சென்னைக்கே. காட்பாடியில் ரயில் ஏறினால் இரண்டு மணி நேரம் சொச்சம், முந்தின நாள் அலைச்சல் இல்லை. ஆனால் நேரக் கணக்கை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். நேரம்தான் முக்கியம் என்றால், குளிரான மாதத்தில் நடக்கும் ஊரைப் பாருங்கள்.

சமதளம் காலுக்குச் சுகம் என்பதும் முழு உண்மை இல்லை. மேடு பள்ளம் இருந்தால் வேலை தொடைக்கும் பின்புறத்துக்கும் மாறி மாறிப் போகும். சமதளத்தில் ஏறக்குறைய 40,000 அடியும் ஒரே தசையில், ஒரே கோணத்தில் விழும். சமீபத்தில் இடது முழங்கால் வலியோடு ஒரு ஆசிரியை வந்தார். சுவரில் விரல் வைத்து, ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்கி இறக்கச் சொன்னேன். வலது காலில் 25 தடவை சிரமமில்லாமல் செய்தார். இடது காலில் 14க்கே கெண்டைக்கால் நடுங்கி, குதிகால் பாதிதான் எழும்பியது. ஷூவைத் திருப்பிப் பார்த்தால் இடது அடிப்பாகத்தின் வெளி ஓரம் மட்டும் தேய்ந்திருந்தது. தினமும் ஒரே சாலையில், ஒரே ஓரமாக, ஒரே திசையில் சுற்றியிருக்கிறார். சாலைகள் தண்ணீர் வடிய ஓரத்தில் சரிந்திருக்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் திசையை மாற்றச் சொன்னேன், கெண்டைக்கால் பயிற்சி கொடுத்தேன். இந்தச் சோதனையை நீங்களும் வீட்டில் செய்து பாருங்கள். இரண்டு காலுக்கும் நிறைய வித்தியாசம் இருந்தால், பணம் கட்டும் முன் அதைச் சரிசெய்யுங்கள்.

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுவது நல்ல பயிற்சி. ஆனால் கடைசி மாதத்தில் வேண்டாம், இறக்கம் தொடையைப் புண்ணாக்கிவிடும். அப்போது தேவை சமமான சாலையில் நிற்காமல் ஓடும் நீண்ட ஓட்டம். அதை இருட்டில் தேசிய நெடுஞ்சாலையில் செய்யாதீர்கள், உயிர் முக்கியம்.

பெருநகரக் கூட்டத்தில் இன்னொன்றும் உண்டு. 42.195 கிலோமீட்டர் என்பது வளைவுகளில் மிகக் குறுகிய வழியில் அளந்தது. ஆட்களை விலக்கி விலக்கி ஓடினால் உங்கள் வாட்ச் 42.6 காட்டும். நாலு மணி நேரத்துக்குள் முடிக்கக் கிலோமீட்டருக்கு 5:41 (5 நிமிடம் 41 விநாடி) போதும் என்று கணக்குப் போட்டிருந்தால் இரண்டு நிமிடத்துக்கு மேல் பிந்திவிடுவீர்கள். வாட்ச்சில் 5:37 வையுங்கள்.

அப்புறம் தண்ணீர். ஒவ்வொரு மேசையிலும் நின்று வெறும் தண்ணீரை வயிறு நிறையக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து மயக்கம், வலிப்பு வரைக்கும் போகலாம். தாகத்துக்குக் குடியுங்கள், இடையிடையே ஓ.ஆர்.எஸ். சேருங்கள். புழுக்கத்தில் திடீரென்று குளிர் நடுக்கம் வந்தாலோ, பேச்சு குழறினாலோ அங்கேயே நின்றுவிடுங்கள். பக்கத்தில் ஓடுபவர் அப்படித் தடுமாறினால் அவர் மேல் தண்ணீர் ஊற்றி, ஐஸ் வைத்து முதலில் உடம்பைக் குளிர வையுங்கள், ஆம்புலன்ஸுக்கு அப்போதே ஆள் சொல்லுங்கள். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள், அதில் சிறுநீரை அதிகம் பிரிய வைக்கும் மருந்து இருக்கிறதா என்று உங்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டே பதிவு செய்யுங்கள்.