எர்த்: மண்ணைத் தொடாத வண்டிக்கு மண்ணின் பெயர்

மலையகத்து கராஜ்களில் காரின் மின்கோளாறு பற்றிப் பேச்சு எழுந்தால், கொஞ்ச நேரத்தில் ‘எர்த்’ வந்துவிடும். “பாடி எர்த் புடிக்கலண்ணே” என்றால் மின்சாரம் வண்டியின் உடல் வழியாகத் திரும்பும் இணைப்பு அறுந்தோ துருப்பிடித்தோ கிடக்கிறது. “எங்கயோ எர்த் ஆகுது” என்றால் அதற்கு நேர்மாறு: மின்சாரம் வரும் கம்பி ஒன்று தோலுரிந்து வண்டியின் உடலைத் தொட்டு பியூஸை எரிக்கிறது. வீட்டில் ஹீட்டரைத் தொட்டுவிட்டுக் கையை உதறி “எர்த் அடிக்குது” என்கிறோமே, அங்கே பெரும்பாலும் எர்த்தே இல்லை, இருந்திருந்தால் அடித்திருக்காது. இல்லாதது, இருக்கக்கூடாத இடத்தில் இருப்பது, ஷாக் அடிப்பது எல்லாவற்றுக்கும் ஒரே சொல். மெக்கானிக் ஒன்று சொல்ல, வண்டிக்காரர் வேறொன்று விளங்கிக்கொண்டு, தேவையில்லாமல் புது பெட்டரி வாங்குவது இதனால்தான்.

ஆங்கிலத்தில் எர்த் என்றால் மண், பூமி. மின்சாரத்துக்கு அந்தப் பெயர் தந்தியிலிருந்து வந்தது. மின்சாரம் போனால் திரும்பி வர வழி வேண்டும் என்பதால் தொடக்கத்தில் தந்திக்குப் போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி தேவைப்பட்டது. 1838 இல் ஜெர்மனியின் ஸ்டைன்ஹைல் என்ற அறிவியலாளர் ரயில் தண்டவாளத்தையே தந்திக் கம்பியாக்கிப் பார்த்தார். மின்சாரம் தண்டவாளத்தில் நிற்காமல் மண்ணுக்குள் கசிந்தது. தோற்ற அந்த முயற்சியிலிருந்துதான் அவருக்குத் திரும்பி வரும் கம்பியே வேண்டாம், அந்த வேலையை மண்ணே செய்யும் என்று தெரிந்தது. கம்பிச் செலவு பாதியாகிற விஷயத்தை யார் விடுவார்கள்? கொழும்புக்கும் காலிக்கும் இடையில் 1858 இல் தந்தி வந்தபோது இந்த முறை உலகெங்கும் பழகிப்போயிருந்தது.

கார் செய்தவர்களும் அதே சிக்கனத்தைக் கையில் எடுத்தார்கள். ஹெட்லைட்டுக்குப் போக ஒரு கம்பி போதும். திரும்பி வர வண்டியின் இரும்பு உடல் இருக்கிறது. பெட்டரியின் ஒரு முனையை உடலில் முடுக்கிவிட்டால் வண்டி முழுவதும் திரும்பும் வழி ஆகிவிடுகிறது. மண் செய்த வேலையை இரும்பு செய்தது, பெயர் மட்டும் மண்ணுடையதாகவே நின்றுவிட்டது. ரப்பர் டயரில் நிற்கும் வண்டிக்கும் மண்ணுக்கும் மின்தொடர்பு என்று சொல்ல எதுவும் கிடையாது. அமெரிக்கர்களின் ‘கிரவுண்ட்’டுக்கும் இதே கோளாறு. ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரருமோ மண்ணுக்கு ஒரு சொல்லும், வண்டி உடலுக்கு ‘மாஸே’, ‘மாஸ்’ என்று வேறு சொல்லும் வைத்துக்கொண்டார்கள்.

உடலில் முடுக்கும் முனை எப்போதும் நெகட்டிவ் என்று நினைக்க வேண்டாம். நம் பக்கத்துத் தெருக்களில் இன்னும் ஏறி இறங்கும் மொரிஸ் மைனர் போன்ற பழைய பிரித்தானிய கார்களில் பொசிட்டிவ் முனைதான் உடலுக்குப் போகும். பெட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்த 1960களில்தான் அவற்றில் நெகட்டிவ் பொதுவழக்கமானது. பழைய வண்டியில் புது ரேடியோ மாட்டிக் கருக்கியவர்களுக்கு இது தெரியும்.

சரி, டேஷ்போர்டில் எரியும் எச்சரிக்கை விளக்குகளுக்கு வருவோம். இன்றைய காரில் எஞ்சினுக்கு ஒரு கணினி, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பிரேக்குக்கு ஒன்று, மின்சார ஸ்டீயரிங்குக்கு ஒன்று என்று இருக்கின்றன. சென்சார்கள் பல 5 வோல்ட்டுக்குள் பேசுபவை. அந்த 5 வோல்ட்டை எர்த்திலிருந்துதான் அளக்கிறார்கள். எர்த்தே அரை வோல்ட் மேலே மிதந்தால் கணக்கு மொத்தமும் பிசகும். 0.02 ஓம் மின்தடைக்குக் கண்ணுக்குத் தெரியாத துருப்படலமே போதும். அதன் வழியே 60 அம்பியர் போனால் 1.2 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும்.

அந்த 60 அம்பியர் எப்போது போகும் என்பதில்தான் மலைநாட்டு விசேஷம் இருக்கிறது. மூடுபனியில் நுவரெலியாவுக்கு ஏறும்போது ஹெட்லைட், வைப்பர், கண்ணாடி ஆவியைப் போக்கும் புளோவர் எல்லாம் ஒன்றாக ஓடும். கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் அதன் மோட்டார் தனியாகவே பல பத்து அம்பியர் இழுக்கும். அந்த நொடியில் ஸ்டீயரிங், ஏபிஎஸ் விளக்குகள் தேர்த்திருவிழா போல வரிசையாக எரிகின்றன. சமதரையில் கராஜ் வாசலில் நிறுத்தி ஸ்கேன் பண்ணினால் ஒன்றும் காட்டாது, அல்லது கணினிகளுக்கிடையே தொடர்பு விட்டுப்போனதாகச் சொல்லும், யூ எழுத்தில் தொடங்கும் பழைய பிழைக்குறிகள் (கோடுகள்) ஏழெட்டு வரும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று நான்கு எச்சரிக்கைகள் ஒரே நேரத்தில் வந்தால் அத்தனை பாகமும் ஒன்றாகப் பழுதாகியிருக்காது. முதலில் பெட்டரியையும், அடுத்து எர்த்தையும் பார்க்க வேண்டும். கணினியை மாற்றச் சொல்பவரிடம் அதற்கு முன் எர்த் பார்த்தாரா என்று கேட்பதில் தப்பில்லை.

ஈரமும் காரணம். வட்டவளைப் பக்கம் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அங்கே ஓடும் வண்டியின் எர்த் போல்ட் காய்வதே இல்லை. ஆனால் என் கணிப்பில் மழையைவிட அதிகம் கெடுப்பது டிங்கரிங். குறுகிய வளைவில் பஸ் உரசி மட்கார்ட் நசுங்குகிறது, தட்டி நிமிர்த்தி பெயின்ட் அடிக்கிறார்கள், எர்த் போல்ட்டைப் பெயின்ட்டின் மேலேயே முடுக்கிவிடுகிறார்கள். பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது. வண்டி பளபளவென்று வெளியே வரும். சிக்னல் போட்டால் பின்விளக்கும் சேர்ந்து மினுக்கும். அப்படி மினுக்கினால் அந்த விளக்கின் எர்த் போய்விட்டது என்று மீட்டர் இல்லாமலே சொல்லிவிடலாம்: திரும்பும் வழி அடைபட்ட மின்சாரம் பக்கத்து பல்பு வழியாக வெளியேறப் பார்க்கிறது.

மீட்டர் இருந்தால் சோதனை எளிது. எஞ்சினை ஓடவிட்டு ஹெட்லைட், புளோவர் எல்லாவற்றையும் போட்டு, ஒரு முனையை பெட்டரியின் நெகட்டிவ் ஈயக் கட்டையிலும் (கிளாம்பில் அல்ல, அதுவே துருப்பிடித்திருக்கலாம்), மறுமுனையை உடலின் வெறும் இரும்பிலும் வைக்க வேண்டும். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அங்கே சந்தேகப்படலாம். எஞ்சின் கட்டையிலும் வைத்துப் பார்க்க வேண்டும். எஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்திருப்பதால் அதற்கென்று தனி எர்த் பட்டை உண்டு. ஸ்டார்ட் அடிக்கும் நேரத்தில் மட்டும் அரை வோல்ட் வரை பொறுக்கலாம். போல்ட்டைக் கழற்றி, எமரித் தாளால் தேய்த்து, முடுக்கிய பிறகு மேலே கிரீஸ் பூசினால் பல வண்டிகளில் கோளாறு தீர்ந்துவிடும்.

இதற்குத் தமிழ் என்ன? பாடப்புத்தகத்தில் ‘புவித்தொடுப்பு’ இருக்கிறது, நல்ல சொல். வீட்டுக்கு அது கச்சிதம்: செப்புக் கம்பியை மண்ணில் அடித்து இறக்குகிறோம், புவியைத் தொடுகிறோம், ஆளைக் காக்கிறோம். காருக்கு அதே சொல்லைப் போட்டால் ஆங்கிலம் செய்த தவறைத் தமிழிலும் செய்கிறோம். ‘சட்டகத் தொடுப்பு’ எனலாம் என்றால், இன்றைய கார்கள் பலவற்றில் தனிச் சட்டகமே இல்லை. பஸ் பாடியைக் ‘கூடு’ என்பது அழகுதான், ஆனால் கூட்டுத்தொடுப்பு என்றால் கூட்டணி போலக் கேட்கிறது. கராஜில் சொல்லும் ‘பாடி எர்த்’தில் சரியான பாதி ‘பாடி’தான். அதைப் பிடித்துக்கொண்டு ‘உடல்தொடுப்பு’ என்று வைப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. இலக்கணம் பார்ப்பவர் ‘உடற்றொடுப்பு’ என்று எழுதச் சொல்வார். கராஜில் யாரும் வாய்விட்டு வாசிக்க முடியாது. “எங்கயோ எர்த் ஆகுது” என்பதற்கு ‘உடல் கசிவு’ என்று தனியாக ஒன்று இருந்தால் பாதிக் குழப்பம் போய்விடும்.

இந்தப் பிரிவினை பெட்ரோலிலும் மின்சாரத்திலும் ஓடும் ஹைபிரிட் கார்களுக்கு இன்னும் அவசியம். அக்வா, பிரியஸ் வண்டிகளில் சாதாரண 12 வோல்ட் பெட்டரிக்கு உடல்தொடுப்பு உண்டு. பெரிய பெட்டரிக்குக் கிடையாது. முதல் தலைமுறை அக்வாவில் 144 வோல்ட், இரண்டாம், மூன்றாம் தலைமுறை பிரியஸில் 201.6 வோல்ட் கொண்ட அதை வேண்டுமென்றே உடலிலிருந்து முற்றாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஈரம் புகுந்தோ காப்புறை கெட்டோ அது உடலுக்குக் கசியத் தொடங்கினால் ஹைபிரிட் எச்சரிக்கை எரியும், டொயோட்டாவில் பி0ஏஏ6 என்ற கோடு விழும். அங்கே எர்த் ‘பிடிப்பது’தான் கோளாறு. பெரிய பெட்டரியின் ஆரஞ்சு நிறக் கம்பிகளில் எமரித் தாளோடு கை வைக்கவே கூடாது. அதற்குப் பயிற்சி பெற்றவர் வேண்டும்.

அப்புறம், பெட்டரி கழற்றும் முறை. ‘நெகட்டிவை முதலில் கழற்று’ என்று சொல்லிக் கொடுப்பார்கள். மொரிஸ் மைனரில் அது தலைகீழாகிவிடும். உடல்தொடுப்பு எந்த முனையோ அதை முதலில் கழற்றி, கடைசியில் மாட்ட வேண்டும். அப்போது ஸ்பேனர் தவறி உடலில் பட்டாலும் தீப்பொறி பறக்காது.