தேர்தல் தகராறா, தேர்தல் பிணக்கா?

'தேர்தல் தகராறு' என்று சென்னையில் யாரிடம் சொன்னாலும், எத்தனை பேருக்கு அடி என்றுதான் முதலில் கேட்பார்கள். பூத்துக்கு வெளியே இரண்டு கட்சிக்காரர்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டால் அது தேர்தல் தகராறு. காலை ஏழு மணிக்கு ஓட்டு மிஷின் வேலை செய்யாமல் வரிசை தெருமுனை வரை நீண்டால் 'மிஷின் தகராறு பண்ணுது'. அப்புறம், தோற்ற வேட்பாளர் பாரிமுனையில் இருக்கும் உயர் நீதிமன்றத்துக்கு வக்கீலோடு போனால் அதையும் மொழிபெயர்ப்பவர்கள் தகராறு என்றே எழுதிவிடுகிறார்கள். இந்த மூன்றாவதைத்தான் உலகம் முழுக்க 'எலெக்‌ஷன் டிஸ்ப்யூட்' என்கிறார்கள். அதற்குத் தமிழில் சரியான சொல் எது என்பதுதான் கேள்வி.

முதலில் பொருள். ஒரு தேர்தலில் சட்டப்படி நடக்க வேண்டியது நடக்கவில்லை என்று ஒருவர் சொல்கிறார், இன்னொருவர் மறுக்கிறார், இதை விசாரித்து முடிவு சொல்ல ஓர் அமைப்பு இருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் டிஸ்ப்யூட். வாக்காளர் பட்டியலில் பெயர் விட்டுப்போனது, வேட்புமனுவைத் தவறாகத் தள்ளியது, பணம் கொடுத்தது, எண்ணிக்கையில் பிழை என்று எதுவாகவும் இருக்கலாம். கைகலப்பு இதில் சேராது, அது போலீஸ் கேஸ்.

டிஸ்ப்யூட் என்ற சொல் லத்தீனிலிருந்து வந்தது. 'புதாரே' என்றால் கணக்கிடுவது, அதிலிருந்தே கருதுவது, நினைப்பது. முன்னே 'டிஸ்' சேர்ந்தால் பிரித்துப் பிரித்துக் கணக்குப் போடுவது. கம்ப்யூட்டரும் இதே வேரில் பிறந்ததுதான். தமிழிலும் பாருங்கள், 'எண்ணு' என்றால் ஒன்று இரண்டு என்று எண்ணுவதும் ஆகும், நினைப்பதும் ஆகும். ஆக, நீ எண்ணியது ஒன்று நான் எண்ணியது வேறு என்பதுதான் டிஸ்ப்யூட்டின் அடிப்பொருள். தேர்தலுக்கு இதைவிடப் பொருத்தமாக ஒரு சொல் அமைய முடியாது.

தகராறு வந்த வழி வேறு. அரபியில் 'தக்ரார்' என்றால் திரும்பத் திரும்பச் சொல்வது. பாரசீகம், உருது வழியாக வரும்போது அது வாக்குவாதம் ஆனது. மராத்தியில் இன்றைக்கும் அது 'புகார்', கன்னடத்தில் 'ஆட்சேபணை', அதாவது அங்கெல்லாம் சட்ட வாசனையோடுதான் இருக்கிறது. நம் ஊருக்கு வந்த பிறகுதான் அது கையை ஓங்க ஆரம்பித்தது. வக்கீல், ஜாமீன், அமீனா, தாவா எல்லாம் இதே கூட்டத்தோடு நம் கோர்ட்டுக்குள் வந்தவைதான், அவற்றில் வழக்கு என்று பொருள்படும் தாவா மட்டும் பழைய பத்திரங்களோடு நின்றுபோய்விட்டது. 'தொழில் தகராறு' என்று தொழிலாளர் சட்டத்தில் ஒரு காலத்தில் எழுதிவைத்தார்கள், அங்கே பழக்கத்தால் பொருள் புரிகிறது. தேர்தலோடு சேரும்போதுதான் அரிவாள் ஞாபகத்துக்கு வருகிறது.

பூசல் என்று வைக்கலாமா? சங்க இலக்கியத்தில் பூசல் என்றால் போரும் ஆரவாரமும். இன்றைக்கு உட்கட்சிப் பூசல். அதுவும் சரிவராது.

இலங்கைத் தமிழில் இதற்கு நெடுநாளாக ஒரு சொல் இருக்கிறது: பிணக்கு. அங்கே அரசு ஆவணங்களிலேயே பிணக்குத் தீர்த்தல் என்று சாதாரணமாக எழுதுகிறார்கள். பிணங்கு என்ற வினையிலிருந்து வருவது. பிணங்குதல் என்றால் மாறுபடுதல், சிக்கிக்கொள்ளுதல் என்று இரண்டு பொருளும் உண்டு. முடிச்சு விழுந்துவிட்டது, யாராவது பிரிக்க வேண்டும் என்ற குறிப்பு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் பிணக்கு என்றால் புருஷன் பெண்டாட்டி கோபம்தான் நினைவுக்கு வரும், கூட்டணிக் கட்சிகள் சீட்டுக்காக முறைத்துக்கொண்டால் பத்திரிகைக்காரர்களும் அதைத்தான் எழுதுகிறார்கள் என்று ஒருவர் ஆட்சேபிக்கலாம். ஆட்சேபணை நியாயமானதுதான். ஆனாலும் தகராறை விட இது எவ்வளவோ மேல், பழகினால் சரியாகிவிடும். பொதுச்சொல்லாக 'தேர்தல் பிணக்கு' என்பதே என் கட்சி.

பொதுச்சொல் மட்டும் போதாது. உள்ளே இருக்கும் பல அடுக்குகளுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும். ஏனென்றால் ஒவ்வொன்றையும் விசாரிப்பவர் வேறு, கெடு வேறு.

கீழ் அடுக்கு வாக்குச்சாவடிக்குள்ளேயே நடக்கிறது. வந்திருப்பவர் பட்டியலில் இருக்கும் அந்த ஆளே இல்லை என்று கட்சி ஏஜெண்டுக்குச் சந்தேகம் வந்தால், தேர்தல் நடத்தை விதிகளின்படி 2 ரூபாய் ரொக்கமாகக் கட்டிவிட்டு ஆட்சேபிக்கலாம். இதுதான் 'சேலஞ்ச் ஓட்டு'. வாக்குச்சாவடித் தலைமை அதிகாரி அங்கேயே விசாரித்து முடிவு சொல்வார், ஏஜெண்ட் சொன்னது சரியென்றால் 2 ரூபாய் திரும்பி வரும், வேண்டுமென்றே சொன்னதாக இருந்தால் வராது. உலகத்திலேயே மிகச் சிறிய தேர்தல் பிணக்கு இதுவாகத்தான் இருக்கும்.

அடுத்தது, உங்கள் ஓட்டை வேறொருவர் ஏற்கெனவே போட்டுவிட்டுப் போயிருந்தால் கிடைக்கும் 'டெண்டர் ஓட்டு'. 2018-ல் ஒரு சினிமா வந்த பிறகு இதற்கான விதி எண் '49பி' தமிழ்நாட்டில் டீக்கடை வரை தெரியும். மிஷினில் போட விடமாட்டார்கள், காகித வாக்குச்சீட்டு தருவார்கள், நீங்கள் முத்திரை குத்தித் தந்ததும் அது தனி உறைக்குள் போய்விடும். பலருக்குத் தெரியாத விஷயம், எண்ணும் நாளில் அந்த உறையைப் பிரிக்கவே மாட்டார்கள். பின்னால் நீதிமன்றத்தில் வழக்கு வந்து, வித்தியாசம் சில ஓட்டுகள்தான் என்றாகி, நீதிபதி கேட்டால்தான் அதற்கு உயிர். ஒரு பூத்தில் 14 சதவீதத்துக்கு மேல் டெண்டர் ஓட்டு விழுந்தால் மறுவாக்குப்பதிவு என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அப்படி ஒரு விதியே கிடையாது. யாரோ கிளப்பிவிட்டது.

இந்த அடுக்குக்கு 'ஆட்சேபம்', பிரச்சாரக் காலத்துப் புகார்களுக்கு 'முறையீடு' என்று வைத்துக்கொள்ளலாம். தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியில் விதிமீறலைப் படம் எடுத்து அனுப்பினால் 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது இலக்கு. கெடு நிமிடக் கணக்கில் இருப்பது இந்த முறையீட்டு அடுக்கில் மட்டும்தான்.

முடிவு அறிவித்த பிறகு ஒரே ஒரு வாசல்தான். அதுதான் 'எலெக்‌ஷன் பெட்டிஷன்'. அரசமைப்புச் சட்டத்தின் 329-வது பிரிவு, தேர்தலை இந்த வழியில் தவிர வேறெப்படியும் கேள்வி கேட்க முடியாது என்கிறது. இதற்கு முதல் பெரிய தீர்ப்பு நம்மூர் விவகாரத்தில்தான் வந்தது. அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்த நாமக்கல் தொகுதியில், முதல் பொதுத்தேர்தலுக்கு என்.பி. பொன்னுசாமி தாக்கல் செய்த வேட்புமனுவைத் தேர்தல் அதிகாரி தள்ளிவிட்டார். அவர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார், பிறகு உச்ச நீதிமன்றம். 1952 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது: தேர்தல் என்பது அறிவிக்கை தொடங்கி முடிவு வரை முழுவதும், நடுவில் நீதிமன்றம் கை வைக்காது, முடிந்த பிறகு வா. இன்றைக்கும் அந்தத் தீர்ப்புதான் நிற்கிறது.

சரி, பெட்டிஷனுக்குத் தமிழ் என்ன? எல்லாரும் 'தேர்தல் மனு' என்கிறார்கள். பெட்டிஷனின் லத்தீன் வேருக்கு நாடுதல், கேட்டல் என்று பொருள். தெலுங்கிலும் கன்னடத்திலும் 'மனவி' என்றால் பணிவான வேண்டுகோள். ஆக மனு என்பது நேர்மொழிபெயர்ப்புதான், அதில் குற்றமில்லை. ஆனால் மனு என்றால் நமக்கு நினைவுக்கு வருவது திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டம். போதாதற்கு 'வேட்புமனு தள்ளுபடி', 'தேர்தல் மனு தள்ளுபடி' இரண்டும் செய்தியில் அடுத்தடுத்து வந்தால் பாதிப் பேருக்கு வித்தியாசமே தெரியாது. முதலாவது போட்டியிடவே விடாதது, இரண்டாவது ஜெயித்தவரின் வெற்றி நின்றது. எதிரெதிர்ப் பக்கம்.

நடைமுறையில் இது முழு விசாரணை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-ன்படி, முடிவு வந்த நாளிலிருந்து 45 நாளுக்குள் வேட்பாளரோ வாக்காளரோ தாக்கல் செய்ய வேண்டும், 2000 ரூபாய் பிணைத்தொகை கட்ட வேண்டும், சாட்சி உண்டு, குறுக்கு விசாரணை உண்டு, உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீடும் உண்டு. இதைக் கொண்டுபோய் மனு என்பானேன்? 'தேர்தல் வழக்கு' என்றால் தீர்ந்தது. நம் மரபில் அதற்கு இடமும் இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியன் அவையில் நின்று வாதாடும் பகுதிக்குப் பெயரே வழக்குரை காதை. அங்கே அவள் அரசனை 'தேரா மன்னா' என்கிறாள், ஆராயாத மன்னனே என்று. அந்தத் 'தேர்'தான் தேர்தலிலும் இருக்கிறது. ஆராய்ந்து எடுப்பது தேர்தல் என்றால், எடுத்தது சரியா என்று மறுபடி ஆராய்வது தேர்தல் வழக்கு.

இனி சர்வதேசத் தரம் என்ன சொல்கிறது என்று பார்க்கலாம். 1948-ன் உலக மனித உரிமைப் பிரகடனம் 21-வது பிரிவில் மக்களின் விருப்பமே அரசாட்சிக்கு அடிப்படை என்றது. 1966-ல் உருவான குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் 25-வது பிரிவு அதைச் சட்டக் கடமை ஆக்கியது, இந்தியா 1979-ல் அதில் சேர்ந்தது. அதே உடன்படிக்கையின் 2-வது பிரிவு, உரிமை மீறப்பட்டால் பயனுள்ள தீர்வு வேண்டும் என்கிறது. ஐரோப்பிய கவுன்சிலின் சட்ட ஆலோசனை அமைப்பான வெனிஸ் ஆணையம் 2002-ல் வெளியிட்ட நெறிமுறை இன்னும் கறார்: கடைசியில் நீதிமன்றத்துக்குப் போக வழி இருக்க வேண்டும், நடைமுறை எளிமையாக இருக்க வேண்டும், முதல் கட்டத்தில் முறையிட மூன்றிலிருந்து ஐந்து நாள், முடிவு சொல்லவும் அதே அளவு. அந்த நெறிமுறை நம்மைக் கட்டுப்படுத்தாது, ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

யார் விசாரிப்பது என்பதும் சாதாரண விஷயம் இல்லை. இங்கிலாந்தில் 1868 வரை தேர்தல் பெட்டிஷன்களை நாடாளுமன்ற மக்களவையே தீர்த்தது. பெரும்பான்மை யாரிடமோ அவர்கள் ஆள் ஜெயிப்பார், வேறென்ன நடக்கும்? பிறகுதான் நீதிபதிகளிடம் போனது. அந்தப் பழைய பழக்கம் பெல்ஜியத்தில் மிச்சமிருந்து, 2014-ல் முகெமாங்காங்கோ என்ற வேட்பாளர் 14 ஓட்டில் இடத்தை இழந்து, செல்லாதவை என ஒதுக்கிய சுமார் 20,000 சீட்டுகளை மறுபடி பார்க்கச் சொன்னபோது, வலோனியா பிராந்திய நாடாளுமன்றமே உட்கார்ந்து முடியாது என்றது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2020 ஜூலையில் அது உரிமை மீறல் என்று தீர்ப்பளித்தது. போட்டியாளர்களே நடுவர்களாக இருக்க முடியாது, அவ்வளவுதான்.

இந்த விஷயத்தில் நாம் பரவாயில்லை, உயர் நீதிமன்றம்தான் விசாரிக்கிறது. நாம் சறுக்குவது காலத்தில். கென்யாவில் அதிபர் தேர்தல் வழக்கை உச்ச நீதிமன்றம் 14 நாளில் முடிக்க வேண்டும் என்று அரசமைப்பிலேயே எழுதியிருக்கிறது, 2017-ல் அந்தக் கெடுவுக்குள்ளேயே தேர்தலை ரத்தும் செய்தார்கள். நம் சட்டம் ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது. 'முயல' என்ற அந்தச் சொல்லில்தான் எல்லாம் போய்விடுகிறது. ராதாபுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2016-ல் அதிமுகவின் இன்பதுரை 49 ஓட்டில் ஜெயித்தார். தலைமையாசிரியர் சான்றொப்பம் செல்லாது என்று தபால் ஓட்டுகளை ஒதுக்கிவிட்டார்கள் என்பது திமுகவின் அப்பாவு தொடுத்த வழக்கின் முக்கியப் புள்ளி. 2019 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்திலேயே மறுபடி எண்ணினார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. பேரவையின் காலம் 2021-ல் முடியும் வரை அந்த எண்ணிக்கை வெளியே வரவில்லை. தேனியிலும் இதே கதைதான்: 2019 மக்களவைத் தேர்தல், வழக்குப் போட்டவர் தொகுதி வாக்காளர் ஒருவர், தேர்தல் செல்லாது என்ற தீர்ப்பு வந்தது 2023 ஜூலையில், அடுத்த மாதமே உச்ச நீதிமன்றத் தடை, ஜெயித்திருந்த ஓ.ப. ரவீந்திரநாத் பதவிக்காலத்தை முடித்துவிட்டுத்தான் போனார்.

'டிஸ்ப்யூட் ரெசல்யூஷன்' என்பதன் இரண்டாவது பாதியையும் இங்கேதான் பார்க்க வேண்டும். அதைத் 'தீர்ப்பு' என்று எழுதினால் போதாது. தீர்ப்பு, தீர்வு இரண்டும் 'தீர்' என்பதிலிருந்து வந்தாலும், தீர்ப்பு நீதிபதி எழுதுவது, தீர்வு வழக்காடியவருக்குக் கிடைப்பது. தேனியில் தீர்ப்பு இருந்தது, தீர்வு இல்லை. ராதாபுரத்தில், அந்தப் பேரவை இருந்தவரை, இரண்டுமே இல்லை. உடன்படிக்கை கேட்பது தீர்வை. அதனால் 'தேர்தல் பிணக்குத் தீர்வு' என்றே எழுதலாம்: பூத்தில் எழுவது ஆட்சேபம், ஆணையத்துக்குப் போவது முறையீடு, நீதிமன்றத்துக்குப் போவது வழக்கு. தகராறை மிஷினுக்கும் பூத் வாசலுக்கும் விட்டுவிடலாம்.